ஆயுள் என்பது எத்தனை ஆண்டு?

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வார்த்திகன் என்னும் அந்தணனின் கதை வருகிறது. புதையலைக் கவர்ந்தவன் என்ற பொய்ப்பழி சுமந்து அவன் சிறையிடப்படுகிறான். அவன் மனைவி கார்த்திகை மண்ணில் விழுந்து புரண்டு அழுகிறாள். கொற்றவை கோயிற் கதவு திறக்க மறுக்கிறது. உண்மையறிந்த பாண்டியன் அவனை விடுவித்து, நிலமும் வழங்கி, அவன் முன் விழுந்து வணங்குகிறான்.

இப்பகுதியை உயர்தர வகுப்பிற் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "இப்ப ஆயுள் தண்டனை எண்டால் பதினாலு வருசந்தானே, சேர்? இரவையும் பகலையும் வேறை வேறையாக் கணக்குப் பாத்து ஏழு வருசத்திலை விட்டிடுவினமாம்" என்றான். நானும் தலையசைத்துவிட்டேன். பாடத்தை முடிக்கும் அவசரம் எனக்கு. சினிமாவும் தேநீர்க்கடையும் கற்பித்த சட்டமே என்னிடமும் இருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

இந்தப் பதினான்கு எங்கிருந்து வந்தது? மாணவன் கண்ட சினிமா இந்தியாவினுடையதாகையால் அந்நாட்டுச் சட்டத்திலிருந்தே தொடங்குவோம். காந்தி கொலைச் சதியில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, கழிவுகளையும் சேர்த்தால் தாம் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டதாக வழக்குத் தொடுத்தார். தண்டனையின் பின்னங்களைக் கணக்கிடுவதற்கு மட்டுமே ஆயுளை இருபது ஆண்டெனச் சட்டம் கொள்கிறது, மற்றபடி ஆயுள் என்பது மனிதனின் எஞ்சிய வாழ்வு முழுவதுமே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1961இல் தீர்ப்பளித்தது. பதினான்கு என்பதோ, 1978இல் வந்த திருத்தத்தின்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்துக்காக ஆயுட் சிறை பெற்றவனை அதற்கு முன் விடுவிக்கலாகாது என்ற கீழெல்லை. அதனையே மக்கள் மேலெல்லையாகப் புரிந்துகொண்டார்கள். 2024இல் பழைய சட்டங்கள் மாற்றப்பட்டபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

ஆகவே தண்டனை விதிக்கும் நீதிபதிக்கும் அதன் நீளம் தெரியாது, அனுபவிப்பவனுக்கும் தெரியாது. பத்தாண்டு பெற்றவன் எஞ்சிய நாளை எண்ணுகிறான். ஒவ்வொரு விடியலும் அவனுக்கு ஒரு கழித்தல். ஆயுட் கைதியோ கழிந்த நாளை மட்டுமே எண்ணமுடியும். அவனுடைய கணக்கு கூடிக்கொண்டே போகிறது, எதை நோக்கி என்பது தெரியாமல். கம்பியைவிடக் கொடிய தண்டனை இதுவென்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கணக்கை முடித்துவைப்பது யார்? பேரறிவாளன் 1991இல் கைதானபோது அவருக்கு வயது 19. 1998இல் மரண தண்டனை. கருணை மனு பதினொரு ஆண்டுகள் தில்லியிற் கிடந்ததன் பின், அத்தாமதத்தையே காரணமாகக் காட்டி 2014இல் அது ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2018இல் தமிழக அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காது காலம் கடத்தினார். 2022 மேயில் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பதிகாரத்தைக் கொண்டு விடுவித்தபோது அவருக்கு வயது 50. அதே 2022 ஆகஸ்டில், குஜராத் படுகொலைகளின்போது பெண்ணொருத்தியைக் கூட்டாக வல்லுறவு செய்து அவள் குடும்பத்தினரைக் கொன்றமைக்காக ஆயுள் பெற்ற பதினொருவரை, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுச் சிறையோடு மாநில அரசு வெளியே விட்டது. சிறைவாயிலில் அவர்களுக்கு இனிப்பூட்டி வரவேற்றார்கள். 2024 ஜனவரியில் நீதிமன்றம் அந்த விடுதலையை இரத்துச்செய்து அவர்களைத் திரும்பச் சரணடையச் சொன்னது. ஒரே நாடு, ஒரே சொல். ஒருவருக்கு முப்பத்தொரு ஆண்டு, மற்றவருக்கு அதில் பாதி. திறவுகோல் அரசியல்வாதியின் சட்டைப்பையில் இருக்கும்வரை ஆயுளின் அளவு குற்றத்தைப் பொறுத்து அமைவதில்லை. கைதி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

நமது நாட்டின் நிலை இன்னும் விசித்திரமானது. 1976க்குப் பின் இங்கு எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் நீதிபதிகள் மரண தண்டனை விதித்தே வந்திருக்கிறார்கள். அந்த மரணம் நடைமுறையில் ஆயுட் சிறையாகிவிடுகிறது. 2019 ஜூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருட் கைதிகள் நால்வரைத் தூக்கிலிடக் கையொப்பமிட்டுவிட்டதாக அறிவித்தார். உயர் நீதிமன்றம் தடுத்தது. அதே ஆண்டு நவம்பரில், பதவி விடும் தறுவாயில், இளம்பெண் ஒருத்தியைக் கொன்று மரண தண்டனை பெற்றிருந்த வசதிமிக்க குடும்பத்து இளைஞனுக்கு அவரே மன்னிப்பு வழங்கினார். அம்மன்னிப்புச் செல்லாது என உயர் நீதிமன்றம் 2024இற் கூறியது. தூக்குக்கயிற்றுக்கும் மன்னிப்புக்கும் பேனா ஒன்றே, வர்க்கம்தான் வேறு.

இதுவரை எழுதியது எனக்கு எளிதாயிருந்தது. இனி எளிதன்று. மிருசுவிலில் 2000 டிசம்பரில் சிறுவர் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்றமைக்காக 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினன், 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷவின் மன்னிப்பால் வெளியே வந்தான். அன்று நான் கொதித்தேன். சாகும்வரை அவன் உள்ளேயே கிடக்கவேண்டுமென்று சொன்னேன். அதற்கு முன்னரும் பின்னரும், ஆண்டுக்கணக்காய்ச் சிறையில் வாடும் தமிழ் அரசியற் கைதிகளை விடுவிக்கக் கோரும் மனுக்களில் நான் கையொப்பமிட்டிருக்கிறேன். ஆயுள் எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு என்னிடம் இரண்டு விடைகள் இருந்தன: நம்மவனுக்கு ஒன்று, மற்றவனுக்கு ஒன்று. குஜராத்தில் இனிப்பூட்டியவர்களை நான் எந்த முகத்தோடு பழிப்பது?

மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1977இல், ஆயுட் கைதிக்கும் என்றேனும் விடுதலை பெறும் உண்மையான வாய்ப்பு இருந்தாலன்றி மனித மாண்பு காக்கப்படாது என்றது. அங்கே பதினைந்து ஆண்டு கழிந்தபின் நீதிமன்றமே விடயத்தை ஆராய்கிறது. போர்த்துக்கல் 1884இலேயே ஆயுட் சிறையை ஒழித்துவிட்டது. வாய்ப்பு என்றால் விடுதலை என்று பொருளன்று. ஆராய்ந்தபின், இன்னும் இல்லை என்று நீதிமன்றம் சொல்லலாம். காரணம் காட்டிச் சொல்லவேண்டும், அவ்வளவே. மிருசுவில் மன்னிப்பில் என்னைச் சுட்டது கதவு திறந்தது மட்டுமன்று. பிள்ளைகளை இழந்தவர்களை எவரும் கேட்கவில்லை. அவன் மனம் மாறினானா என்றும் எவரும் கேட்கவில்லை. "ஒருபோதும் இல்லை" என்று ஒரு மனிதனின் முழு எதிர்காலத்துக்கும் தீர்ப்பெழுத எவருக்கும் அறிவு போதாது என்றே நான் கருதுகிறேன். கேள்வி முறையின்றி நள்ளிரவிற் கதவைத் திறந்துவிடவும் எவருக்கும் உரிமையில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டு இவற்றைச் சொன்னேன். முன்பு கேட்டவன் பேசவில்லை. மிருசுவிற் பக்கமிருந்து சைக்கிளில் வரும் இன்னொருவன் எழுந்தான்.

"அப்ப அந்த ஆமிக்காரனுக்கும் உந்த வாய்ப்பு இருக்கவேணுமோ, சேர்?"

ஓம் என்றேன். அவன் அமர்ந்துகொண்டான். புத்தகத்தை மூடி மேசையின் ஓரத்திற்குத் தள்ளிவைத்தான். மணியடிக்கும்வரை அதனை அவன் திறக்கவில்லை.