கைப்பிடி அரிசி

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவ வீடுகளில் அரிசிப் பானைக்கு அருகே ஒரு தகர டப்பா இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார்கள். டப்பா நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். அளந்து முடித்த பிறகு எடுப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வீட்டார் உண்ணவிருந்த சோற்றில் ஒரு பிடி குறைகிறது. குறைவதை எல்லாரும் அறிவார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, பின்னர் தெலுங்கு கற்றுத் தோர்ணக்கல்லுக்குப் போய், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வே.சா. அசரியா, கூலி வேலை செய்து பிழைத்த தம் சபையாரிடமும் இந்தப் பழக்கத்தை வளர்த்தார். மிசோரம் மலைகளில் பெண்கள் இதையே நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவருகிறார்கள். கொடுக்க எதுவுமில்லாதவர்கள் என்று பிறர் எண்ணியவர்கள், உலை கொதிக்கும் ஒவ்வொரு வேளையும் நினைத்துப் பார்த்துக் கொடுத்தார்கள்.

நம்மில் பலருக்கோ விசுவாசம், நினைத்துப் பார்க்க வேண்டியிராத பூர்வீக வீட்டைப் போலக் கைக்கு வந்தது. நினைவு தெரியுமுன் ஞானஸ்நானம், மீசை அரும்பும் வயதில் திடப்படுத்தல், பிறகு அதே பெஞ்சில் அதே இடம். அதனால்தானோ என்னவோ, மனமறிந்து வாழ வேண்டும் என்ற தவிப்பு ஆண்டில் சில நாட்கள் மட்டும் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தீர்மானங்கள் எடுக்கிறோம். வாக்குத்தத்த அட்டையைப் பர்சில் பத்திரப்படுத்துகிறோம். லெந்து நாட்களில் கறியைத் தவிர்க்கிறோம். இவற்றைப் பழிக்க மனம் வரவில்லை, நாக்கை அடக்கத் தெரியாதவன் வேறெதை அடக்கப்போகிறான்? ஆனால் நம் தீர்மானங்கள் எப்போதும் சமையலறைக்குள்ளேயே முடிந்துவிடுவது உறுத்துகிறது. யாருக்குப் பெண் கொடுப்பது, யாரை எங்கே அடக்கம் செய்வது என்ற பேச்சு வந்ததும் தீர்மானம் எழுந்து நிற்க, சாதி வழக்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. அதை மழையையும் வெயிலையும் போல, யாரும் செய்யாமல் தானாக நடப்பது என்றே சொல்லிக்கொள்கிறோம்.

அது தானாக நடந்ததே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த கோயிலில், கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு கூடங்கள் இருந்தன. மேல்சாதியாருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டும் கூடும் இடத்தில் பொதுவாக ஒரு பீடம். எல்லாருக்கும் பீடம் தெரிய வேண்டும், ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது. அதற்காக எத்தனை பேர் கூடி யோசித்து, நூல் பிடித்து, அளவு சரிபார்த்திருப்பார்கள்! கட்டிட வேலையில் அவ்வளவு கரிசனம் அபூர்வம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் இரு கூடங்களையும் பிரித்த தடுப்பை அகற்றியபோது, அது வேண்டுமென்றவர்கள் வழக்காடி, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காரப் புரோட்டஸ்டண்டுகளான நமக்கும் இடமில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாதென்று எழுதியனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் விலகிப் போனார்கள். அவர்கள் கிறிஸ்துவை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் வந்து உட்காரவிருந்தவரை விட்டுத்தான் போனார்கள்.

இன்று கோயிலுக்குள் சுவர் கிடையாது. சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் இருக்கிறது. மற்ற இடங்களில் சுவருக்கான தேவை வேறு விதமாக நிறைவேறிவிடுகிறது. மறுபடியும் பிறந்த மணமகள் தேவை என்று விளம்பரம் கொடுப்பவர்கள், முதல் பிறப்பு எந்தச் சாதியில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுகிறார்கள். அவர்களை வேடதாரிகள் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் தசமபாகம் தவறாதவர்களும், அயலார் நோயில் கிடந்தால் இரவெல்லாம் விழித்திருப்பவர்களும் அவர்களுக்குள் உண்டு என்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் நம் சித்தப்பாக்கள், நம் அத்தைகள், ஜாதகம் பார்க்காத பெருமையோடு நமக்குத் துணை தேடித் தந்தவர்கள். அவர்கள் தேடித் தந்ததை நாமும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். அந்த ஒன்றில் மட்டும் நம் மனச்சாட்சிக்கு எப்போதும் நல்ல உறக்கம்.

கைப்பிடி அரிசி நம் பக்கத்தில் இப்போது அருகிவிட்டது; காணிக்கை உறை வந்துவிட்டது, செல்பேசியில் அனுப்பவும் வசதி இருக்கிறது. டப்பாக்கள் வந்த காலத்தில் எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டுவார்கள். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி, யாரோ வயலில் விளைந்த புது அரிசி எல்லாம் கலந்துவிடும். எந்தப் பிடி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கலந்த அரிசி ஒரே பதத்தில் வேகாது என்பதால், அதை ஏலம் விட்டால் விலையும் சற்றுக் குறைவாகத்தான் போகும்.