வளைந்து கொடுக்கும் கம்பம்



ஜினாலயத்தில் அருகப்பெருமான் திருமுன் நிற்கும்போது நம் மனம் அடங்கியே இருக்கிறது. உபவாச நாளிலும் நாவும் மனமும் ஓரளவு கட்டுக்குள் நிற்கின்றன. ஆனால் வீடு திரும்பி வாசற்படியில் கால் வைத்ததும், நம் வாசலை மறித்து அடுத்த வீட்டார் எதையோ நிறுத்தியிருக்கக் கண்டால், காலையில் செய்த சாமாயிகம் எங்கே போயிற்று என்று தெரிவதில்லை. நம் விரதங்கள் உரைத்துப் பார்க்கப்படும் உரைகல் வாசலிலும் வேலியோரத்திலும் கிடக்கிறது. இம்முறை அத்தகைய உரைகல் ஒன்றைப் பற்றிச் சிந்திப்போம். அது இருப்பது கடல் கடந்த அமெரிக்க நாட்டில். ஆயினும் நம் பிள்ளைகள் சிலர் கல்வியும் பணியும் நாடி அங்கே குடியேறியிருப்பதாலும், அவர்களைக் காணச் சென்று சில திங்கள் தங்கி வரும் பெற்றோர் நம்மிடையே இருப்பதாலும், அது நமக்கு முற்றிலும் அயலானதன்று.

நம் ஊரில் தபால்காரர் வீட்டு வாசலுக்கே வந்து குரல் கொடுத்துக் கடிதத்தைத் தருகிறார். அமெரிக்காவின் சிற்றூர்களிலும் புறநகர்ப் பகுதிகளிலும் வழக்கம் வேறு. அங்கே தெருவோரத்தில் ஒரு கம்பம் நட்டு, அதன்மேல் ஒரு பெட்டியைப் பொருத்தி வைக்க வேண்டியது வீட்டாரின் கடமை. தபால்காரர் வண்டியை விட்டு இறங்காமல், அமர்ந்தபடியே கை நீட்டிக் கடிதங்களை அதில் இட்டுச் செல்வார். வீட்டார் அனுப்ப வேண்டிய கடிதம் இருந்தால் அதனைப் பெட்டிக்குள் வைத்துப் பக்கத்திலுள்ள சிறு கொடியை உயர்த்தி வைப்பர். அவர் எடுத்துச் செல்வார்.

1896-ஆம் ஆண்டில் அந்நாட்டு உழவர்களின் வீடுகளுக்குக் கட்டணமின்றிக் கடிதம் கொண்டு சேர்க்கும் முறை தொடங்கியது. அதற்குமுன் அவர்கள் கடிதம் பெற நெடுந்தொலைவு பயணம் செய்து அஞ்சல் நிலையம் செல்ல வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அவர்கள் கைக்குக் கிடைத்த பாகு டப்பாவையும் சோப்புப் பெட்டியையுமே கம்பத்தில் மாட்டி வைத்தனர். 1915-இல் அஞ்சல் துறைப் பொறியாளர் ராய் ஜோரோல்மன் வரைந்தளித்த, மேற்புறம் வளைந்த தகரப் பெட்டி ஏற்கப்பட்டது. அவ்வடிவமே இன்றும் அந்நாடெங்கும் காணப்படுகிறது. பெட்டி சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்தில், சாலை விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் உள்ளடங்கி இருக்க வேண்டும் என்பது அஞ்சல் துறையின் நெறி.

இத்தனை எளிய பொருளில் பகை எங்கிருந்து வருகிறது? சிற்றூர்ச் சாலைகளில் தபால் வண்டி செல்லும் வலப்புறத்திலேயே பெட்டிகள் இருக்க வேண்டியிருப்பதால், ஒரு வீட்டாரின் பெட்டி எதிர் வீட்டாரின் புல்வெளி ஓரத்தில் நிற்க நேர்கிறது. "என் வீட்டின்முன் உன் கம்பம் ஏன்?" என்று ஒருவர் கேட்கிறார். மற்றவரோ, தம் பெட்டியின்முன் எதிர் வீட்டு விருந்தினர் வண்டியை நிறுத்திவிட்டார் என்று குமுறுகிறார். பனிக்காலத்தில் ஒருவர் தம் வாசலில் வாரிய பனி அடுத்தவர் பெட்டியை மூடிவிடுகிறது. வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது கம்பம் சாய்ந்துவிடுகிறது. சாய்த்தவர் சொல்லாமல் போய்விடுகிறார். இவ்வாறு முளைத்த சிறு விதை, இரு வீட்டாரும் முகம் பாராமல் வாழும் முள்மரமாகிறது.

இதில் நகைப்பதற்கு நமக்கு உரிமையில்லை. வரப்பில் ஒரு சாண் மண்ணுக்காகவும், வாய்க்கால் நீரின் முறைக்காகவும், வாசலில் நிறுத்திய இரு சக்கர வண்டிக்காகவும் நம் ஊர்களில் பேச்சற்றுப்போன குடும்பங்கள் இல்லையா? பெட்டி அங்கே, வரப்பு இங்கே, கஷாயம் ஒன்றே.

முதலில் இடையூறு செய்தலைப் பற்றி எண்ணுவோம். அடுத்தவர் பெட்டியை நம் வண்டி மறித்து நின்றால், தபால்காரர் கடிதம் இடாமல் சென்றுவிடலாம். அன்று அப்பெட்டிக்கு வரவிருந்தது ஒரு முதியவரின் மருந்தாக இருக்கலாம். ஓர் ஏழை மாணவனுக்கு வந்த சேர்க்கைக் கடிதமாக இருக்கலாம். "நாம் எதையும் எடுக்கவில்லையே, வண்டியைத்தானே நிறுத்தினோம்?" என்று மனம் வாதிடும். எண்வகை வினைகளுள் இறுதியாக அந்தராயத்தை வைத்தனர் நம் ஆசாரியர். பிறருக்கு விக்கினம் செய்தலே அந்தராய வினை வந்து சேரக் காரணம் என்பது உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் காட்டும் முடிவு. தானம், லாபம், போகம், உபபோகம், வீரியம் ஆகிய ஐந்தில் எதற்குத் தடை செய்தாலும் அதற்குரிய அந்தராயம் நம்மையே பற்றுகிறது. அறியாமல் மறித்தவன் கவனக்குறைவுக்கு வருந்தித் திருந்த வேண்டும். "கிடக்கட்டும்" என்று அறிந்தே மறித்தவன், அடுத்தவன் பெட்டிக்கு வரவிருந்ததைத் தடுப்பதாக எண்ணித் தனக்கு வரவிருப்பதற்கே தடை கட்டிக்கொள்கிறான்.

இனி, கம்பத்தைப் பற்றி எண்ணுவோம். இந்தச் சிந்தனையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அந்நாட்டில் சில இளைஞர்கள் இரவில் வண்டியில் விரைந்தபடியே மட்டையால் தெருவோரப் பெட்டிகளை அடித்து நொறுக்குவதை ஒரு விளையாட்டாகக் கொண்டிருக்கின்றனர். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் அது. இருமுறை பெட்டியை இழந்த வீட்டார் ஒருவரை மனத்தில் கொள்வோம். அவர் சினம் கொண்டு, தடித்த இரும்புக் குழாயை ஆழப் புதைத்து, உள்ளே சிமெண்ட் கலவையை நிரப்பிவிடுகிறார். "இனி அடிப்பவன் கைதான் முறியும்" என்கிறார். வேறொருவரோ, அண்டை வீட்டார் வண்டி தம் கம்பத்தில் மீண்டும் மீண்டும் உரசுகிறது என்று செங்கல் தூண் கட்டிவிடுகிறார்.

ஆனால் அந்நாட்டு அஞ்சல் துறையும் சாலைத் துறையும் கூறும் அறிவுரை இதற்கு நேர்மாறானது. கம்பம் உறுதியாக நிற்க வேண்டும். ஆயினும் வண்டி மோதினால் வளைய வேண்டும், அல்லது சாய வேண்டும் என்கின்றன. நான்கு அங்குலச் சதுர மரக்கம்பமோ இரண்டு அங்குல விட்டமுள்ள குழாயோ போதும். 24 அங்குலத்திற்குமேல் ஆழமாகப் புதைக்க வேண்டா. கான்கிரீட் தூண் வேண்டா என்கின்றன. காரணம் வெளிப்படை. பனியில் வழுக்கி வரும் வண்டியை ஓட்டுபவர் யாரோ ஒரு தாயாக இருக்கலாம். பின்னிருக்கையில் குழந்தை இருக்கலாம். மரக்கம்பம் முறிந்தால் போவது சில காசுகளே. கல்தூண் முறியாது நின்றால் போவது ஓர் உயிர்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "தற்காப்பு கூடாதா? இல்லறத்தானுக்கு விரோதி ஹிம்சை முழுதும் விலக்கப்படவில்லையே?" என்று கேட்பவர் உண்டு. உண்மை. சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகைப்படும் ஹிம்சையுள், மனமறிந்து கொல்லக் கருதும் சங்கல்ப ஹிம்சையை முற்றும் நீக்குவதே இல்லறத்தானின் அணுவிரதம். தன்னையும் தன் குடும்பத்தையும் காக்க நேரும்போது உண்டாகும் ஹிம்சையை அவனால் முழுதும் தவிர்க்க இயலாது. ஆனால் காப்பது எதை? ஒரு தகரப் பெட்டியை. அதைக் காக்க வேறு வழிகள் இல்லையா? காவலரிடம் முறையிடலாம், அஞ்சல் அதிகாரியைக் கேட்டு இடம் மாற்றலாம், மலிவான பெட்டியையே மீண்டும் மாட்டலாம். இவற்றை விடுத்து, "அடிப்பவன் கை முறிய வேண்டும்" என்று எண்ணிச் சிமெண்ட் ஊற்றும்போது, அது காப்பு என்ற எல்லையைக் கடந்து சங்கல்பத்தின் வாயிலில் நிற்கிறது. இராகம் முதலியவை உள்ளத்தில் தோன்றுவதே ஹிம்சை என்றும், புறத்தே உயிர்க்கொலை நிகழாதபோதும் ஹிம்சையின் பயனை ஒருவன் அடைய நேரும் என்றும் அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விளக்குகிறார். அத்தூணில் எவரும் மோதாமலே நூறாண்டு கழியலாம். ஊற்றியவன் வினை, ஊற்றிய அன்றே கட்டப்பட்டுவிட்டது. பிறனுக்குக் கேடு வரட்டும் என்று ஓயாது எண்ணுவதை அபத்தியானம் என்று பெயரிட்டு, அனர்த்த தண்டங்களுள் ஒன்றாக வைத்தனர் பெரியோர். பயனற்ற தண்டனை என்பது அதன் பொருள். தண்டிக்கப்படுவது யார்? எண்ணுபவனே.

நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தில் மானம் என்னும் கஷாயத்தை நான்கு பொருள்களுக்கு ஒப்பிடுகிறார்: கல், எலும்பு, மரம், பிரம்பு. கல்போன்ற மானம் நரகத்திற்கும், எலும்பு போன்றது விலங்குகதிக்கும், மரம் போன்றது மனித கதிக்கும், பிரம்பு போன்றது தேவகதிக்கும் செலுத்தும் என்கிறார். வளையாமையின் அளவே மானத்தின் அளவு! சாலைப் பொறியாளர் உயிர்காக்கக் கண்ட நெறியும், பத்தாம் நூற்றாண்டு ஆசாரியர் ஆன்மாவைக் காக்கக் கண்ட நெறியும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் காண்க. கல்தூண் எதிர்வருபவனை அழிக்கும். கல்மனம் தன்னையே அழிக்கும். தசலட்சண தர்மங்களுள் இரண்டாவதாகிய உத்தம மார்த்தவம், அதாவது மென்மை, கோழைத்தனம் ஆகாது. அறிவுரைப்படி நட்ட கம்பம் நாள்தோறும் வெயிலிலும் பனியிலும் உறுதியாகவே நிற்கிறது. தன் கடமையைச் செய்கிறது. மோதல் வரும் கணத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறது. இல்லறத்தான் மனமும் அவ்வாறு நிற்கட்டும்.

இறுதியாக, சினத்தின் கால அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அதே நூல் சினத்தையும் நான்காகப் பிரிக்கிறது: கல்லில் இட்ட கோடு, நிலத்தில் தோன்றிய வெடிப்பு, புழுதியில் இட்ட கோடு, நீரில் இட்ட கோடு. நீர்க்கோடு போன்ற ஸஞ்ஜ்வலனம் ஒரு முகூர்த்தத்திற்குள் மறையும். புழுதிக்கோடு போன்ற பிரத்தியாக்கியானாவரணத்தின் வாசனை ஒரு பட்சம் நிற்கும். நிலவெடிப்புப் போன்ற அப்பிரத்தியாக்கியானாவரணம் ஆறு திங்கள் வரை நிற்கும். அதற்கும் மேற்பட்டு, பிறவிதோறும் தொடர்வது அனந்தானுபந்தி. அதுவே நற்காட்சியை மறைப்பது.

இக்கணக்கை நம் வாசலில் வைத்துப் பார்ப்போம். பனிக்காலத்தில் அடுத்த வீட்டார் வண்டி நம் கம்பத்தைச் சாய்த்தது. பனி உருகியது, வேனில் வந்தது, இலையுதிர்காலமும் வந்தது. பெட்டி என்றோ சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் அவரைக் கண்டால் முகம் திருப்புகிறோம். ஆறு திங்கள் கடந்துவிட்டதே! நாம் இழந்துகொண்டிருப்பது எது? எத்தனையோ பிறவி அலைந்து பெற்ற நற்காட்சியைப் பணயம் வைத்து ஒரு தகரப் பெட்டிக்காக வழக்காடிக்கொண்டிருக்கிறோம். இதனினும் நட்டமான வாணிகம் உண்டா?

ஆதலின் அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கும், இங்கே வாழும் நமக்கும் சில கடைப்பிடிகளை முன்வைக்கிறோம். நம் வாசலில் வாரும் பனியோ குப்பையோ அடுத்தவர் வழியில் விழாது பார்ப்போம். விருந்தினர் வரும் நாளில் வண்டி எங்கே நிற்கிறது என்று நாமே சென்று நோக்குவோம். தவறி நம் பெட்டியில் விழுந்த பிறர் கடிதத்தைப் பிரியாமல் அன்றே சேர்ப்போம். கொடாததைக் கொள்ளாமை என்னும் விரதம் அதிலும் உண்டு. நாம் சாய்த்த கம்பத்தை, அவர் கேட்குமுன் நாமே நட்டுக் கொடுப்போம். பெரும்பாலும் அப்பெட்டிகள் நிற்கும் சாலையோர நிலம் பொதுவழிக்கு உரியது. "என்னுடையது" என்று இருவரும் போராடும் மண் இருவருடையதும் அன்று. பல பெட்டிகளை ஒரே தாங்கியில் பொருத்திக்கொள்ளும் வழக்கமும் அங்கே உண்டு. இயலுமிடத்தில் அண்டை வீட்டாரோடு ஒரே கம்பத்தைப் பகிர்ந்துகொண்டால், உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வன என்ற தத்துவார்த்த சூத்திரத்தின் உண்மை, தெருவோரத்திலேயே எழுந்து நிற்கும்.

அந்நாட்டுச் சட்டத்தில் மற்றொரு விதியும் உண்டு. அஞ்சல் தலை ஒட்டாத எக்கடிதத்தையும் அண்டை வீட்டார் பெட்டியில் நாம் இடலாகாது. "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிய ஒரு சிறு துண்டையும் அதில் போட இயலாது! இவ்விதியை நாம் நல்வாய்ப்பாகவே கொள்வோம். தசலட்சணப் பர்வம் முடிந்து க்ஷமாவணி நாளில், நமக்குப் பிடித்தவர்களிடமே மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடுகிறோம். கேட்க வேண்டிய ஒருவர் அடுத்த வீட்டிலேயே இருக்கிறார். அவர் நம் சமயத்தவராக இல்லாமல் இருக்கலாம். க்ஷமாவணி என்ற சொல்லையே கேளாதவராக இருக்கலாம். பெட்டி வழியாக அவரை அடைய முடியாது. வாசலைக் கடந்து நடந்து சென்று, கதவைத் தட்டி, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இருபது அடி தூரம்தான். அடுத்த க்ஷமாவணி வரை காத்திராமல், இன்றே அதனை நடந்து கடப்போம்.

வாழ்க அறம்! ஓங்குக உயிரிரக்கம்!