யாருடைய கை அசைந்தது?

கனடாவில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குக் 'கருகிய பாண் மணம்' என்றால் உடனே விளங்கும். வலிப்பு வருமுன் ஒரு பெண்ணுக்கு அந்த மணம் வரும். மருத்துவர் அவளுடைய மூளையைத் தொட்டு அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார். தொலைக்காட்சியில் வந்த ஒரு நிமிடக் குறும்படம் அது.

அந்த மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட். 1934இல் மொன்றியல் நரம்பியல் நிலையத்தைத் தொடங்கியவர். மூளைக்கு வலி தெரியாது. ஆகவே தலைத்தோலுக்கு விறைப்பு ஊசி போட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையோட்டைத் திறந்து, மின்முனையால் தொட்டுத் தொட்டு வலிப்பின் ஊற்றைத் தேடினார்.

சில இடங்களைத் தொட்டதும் நோயாளியின் கை அசையும். கேட்டால், "நான் அசைக்கவில்லை, நீங்கள்தான் அசைத்தீர்கள்" என்ற பொருளில் பதில் வருமாம். பென்ஃபீல்ட் தன் இறுதிக் காலத்தில், மனம் வேறு மூளை வேறு என்று எண்ணும் பக்கம் சாய்ந்தார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. மூளை திறந்து கிடக்கும் நேரத்திலும் 'நான் செய்தது' வேறு, 'எனக்குள் நடந்தது' வேறு என்று அந்த நோயாளிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுவே போதும். பழியும் வெட்கமும் முதலாவதற்கு மட்டுமே உரியவை.

நம் சமூகம் இந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. வலிப்பு வந்த பிள்ளையின் கையில் இரும்புத் திறப்பைத் திணிப்போம்; வெளியில் 'தலைச்சுற்று' என்போம். ஸ்காபரோவிலும் கலியாணப் பேச்சு என்று வந்தால் மருந்துப் போத்தல் ஒளிந்துகொள்ளும். மறைப்பவர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டமே 1976 முதல் 1999 வரை, திரும்பத் திரும்ப வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக எழுதிவைத்திருந்தது.

இன்றைய சிகிச்சை இதற்கு நேரெதிர். மருந்துக்கு அடங்காத வலிப்பு என்றால், மண்டையோட்டில் சிறு துளைகள் இட்டு மெல்லிய மின்முனைகளை உள்ளே வைக்கிறார்கள். பிறகு மருந்தைக் குறைத்து, கமராவைப் போட்டுவிட்டு, நாட்கணக்கில் வலிப்புக்காகக் காத்திருக்கிறார்கள். கணினித் துறையில் இருக்கும் எனக்கு இந்த முறை பழக்கமானது. பிழை கண்முன் மறுபடி நிகழ்ந்தால்தான் அதன் இடம் பிடிபடும். ஆனால் இங்கே நிகழ்வது ஒரு மனிதரின் உடலில். ஆகவே அவருடைய முழுச் சம்மதம் இல்லாமல் அது கூடாது. ஊற்று பேச்சுக்கோ நினைவுக்கோ உரிய இடத்தில் இருந்தால் அதை வெட்டி எடுப்பதா, வலிப்போடு வாழ்வதா என்பதையும் மின்முனை சொல்லாது. அந்த முடிவு அவருடையது.

ஆயுள் முழுக்க மறைக்கச் சொல்லிக் கொடுத்த ஒன்றை, அந்த அறையில் எல்லோரும் பார்க்கக் காத்திருக்கிறார்கள். அது வரும்போது அங்கே ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. எங்கே தொடங்கியது என்று மட்டுமே கேட்கிறார்கள். நம் வீடுகளிலும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். அதற்கு மின்முனை தேவையில்லை.