புடவைக்கு மேல் ஒரு சட்டை

சேத்துப்பட்டில் குளிர்கால ஃபேஷன் என்று சொன்னால் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் கொஞ்சம் பனி, காதைச் சுற்றி ஒரு துண்டு. எட்டு மணிக்கு வெயில் ஏறினால் துண்டும் தோளுக்கு இறங்கிவிடும். அவ்வளவுதான் நம்ம குளிர். ஆனால் கம்பளிக்கு வேலையில்லாத ஊருக்கும் குளிர்கால உடை உண்டு. சென்னையில் டிசம்பர் கச்சேரிக்குப் பட்டுடுத்திப் போகிறார்கள். மார்கழி முடிந்தால் தையில் வரிசையாக முகூர்த்தம். அந்தப் பட்டெல்லாம் தறியில் இருக்கும் நாட்கள்தான் இங்கே ஈரத்தோடு மல்லுக்கட்டும் நாட்களும். மழை பிடித்தால் தெருவில் பாவு நீட்ட முடியாது. தறிக்குழியில் கால் சில்லிடும்.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் போனில் பார்க்கும் குளிர்கால உடைகள் நியூயார்க்கைச் சேர்ந்தவை. அதிகம் பார்ப்பது ஐரிஸ் ஆப்ஃபெல் படங்களை. பெரிய வட்டக் கண்ணாடி, முழங்கை வரை வளையல், விலையுயர்ந்த கோட்டின் மேல் பழைய பொருள் சந்தையில் வாங்கிய மாலை. 2005இல் அவருடைய உடைகளையும் நகைகளையும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் கண்காட்சியாக வைத்தது. 2019இல், 97 வயதில், ஒரு பெரிய மாடலிங் நிறுவனத்தில் ஒப்பந்தமானார். 2024இல் 102 வயதில் இறந்தார். எதையும் எதனோடும் சேர்க்கலாம் என்பதுதான் அவர் பாணி என்கிறார்கள்.

ஒருத்தர் பாணியைப் பார்த்து நாம் உடுத்தினால், அது கற்றுக்கொள்வதா, காப்பி அடிப்பதா? யாருக்காவது நாம் கடன்படுகிறோமா?

ஜெர்மன் சிந்தனையாளர் கியோர்க் சிம்மல் 1904இல் வெளிவந்த கட்டுரையில் இதைத் தொட்டிருக்கிறார். நமக்குக் கூட்டத்தோடு சேரவும் வேண்டும், கூட்டத்திலிருந்து தனித்துத் தெரியவும் வேண்டும். ஃபேஷன் இரண்டையும் ஒரே உடையில் தருகிறது என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் காப்பி அடிப்பது குற்றமே இல்லை. தறியில் வேலை செய்கிறவர்களுக்கும் இது தெரியும். ஒரு புட்டா ஒரு வீட்டோடு நிற்காது, அடுத்த முகூர்த்தத்துக்குள் நாலு தெரு தாண்டிவிடும்.

அப்போ சிக்கல் எங்கே? எங்க சின்னம்மா மார்கழி முழுக்க ஒரு கோலத்தில்தான் வயலுக்குப் போவார். பூப்போட்ட புடவை, அதன்மேல் சித்தப்பாவின் கட்டம்போட்ட முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஆண் உடையும் பெண் உடையும், பூவும் கட்டமும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நிறங்களும் ஒரே உடம்பில். "நல்லா இருக்கு சின்னம்மா" என்றேன். "அட போடி, குளுருதுன்னு போட்டுக்கினேன்" என்றார்.

இதே சேர்க்கையை ஒரு மாடல் போட்டால் துணிச்சல் என்போம். சின்னம்மா போட்டால் இல்லாத கொடுமை என்போம். துணி ஒன்றுதான், பெயர்தான் வேறு. ஆப்ஃபெலைக் குறை சொல்லவில்லை. அவரும் கணவரும் 1950இல் தொடங்கிய துணி நிறுவனம் பழங்காலத் துணிகளை அப்படியே திரும்ப நெய்து கொடுத்தது. அதற்காக நாடு நாடாக அலைந்தவர். ஒரு துணியை யார், எப்படி நெய்தார்கள் என்று தெரிந்து கலந்தவர் அவர். நாம் எடுத்துக்கொள்வது கண்ணாடியை மட்டும். அந்த அறிவை விட்டுவிடுகிறோம்.

எம்.எஸ். நீலம் என்ற நிறம் நமக்கெல்லாம் தெரியும். எம்.எஸ். சுப்புலட்சுமி மேடையில் உடுத்தியதால் அந்தப் பெயர். அந்த நீலத்தைக் கொண்டுவந்தவர் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார். பெயர் உடுத்தியவரோடு போய்விட்டாலும், கொடுத்தவர் பெயர் எங்கோ ஓரத்தில் தங்கியிருக்கிறது. ஆரணிக்கு அதுவும் பல நேரம் கிடைப்பதில்லை. புவிசார் குறியீடு இருந்தும், இங்கே நெய்த புடவை காஞ்சிப் பட்டாக விலை போவது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

பெயர் சொன்னால் வயிறு நிறையுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெயருக்கு விலை இல்லையென்றால் எதற்காக ஊர்ப்பெயரை மாற்றி விற்க வேண்டும்? விலை பெயரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. யார் பெயர் அழிகிறதோ அவர் கூலியும் அதோடு தேய்கிறது.

அதனால் நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். பாணியை யாரிடமிருந்தும் எடுக்கலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும். எடுத்தவரிடம் அதற்கு என்ன பெயர் வைத்தோமோ, அதையே கொடுத்தவருக்கும் வைக்க வேண்டும். என்னிடம் ஸ்டைல் என்றால் சின்னம்மாவிடமும் ஸ்டைல். அவரிடம் வறுமை என்றால், அதை நான் போட்டுக்கொண்டு படம் எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். அவர் அதைக் குளிருக்குப் போட்டார். நான் எதற்குப் போடுகிறேன்?