கையொப்பமும் மனித உயிரும்

தன் உயிரைத் தானே பணயமாக வைக்கும் உரிமை மனிதனுக்கு உண்டா என்பது மிகப் பழைய கேள்வி. மலையேறியோரும் கடலோடிகளும் அதற்குத் தம் செயலாலேயே விடை பகர்ந்துள்ளனர். அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. ஆயின், ஒருவன் தன் உயிரைப் பணயம் வைக்க, அதனால் இலாபம் பெறுபவன் இன்னொருவனாயிருப்பின் அந்த இன்னொருவனின் கடமை யாது? உயிரை வைப்பவன் ஒரு பத்திரத்திற் கையொப்பமிட்டுவிட்டான் என்ற காரணத்தால் அக்கடமை தீர்ந்துவிடுமா? இது முன்னையதிலும் கடினமான கேள்வி. விண்வெளிப் பயணம் அரசுகளின் கையிலிருந்து கம்பனிகளின் கைக்கு மாறிவரும் இக்காலத்தில், இக்கேள்வி வெறும் தத்துவ விசாரமாக நின்றுவிடவில்லை. சட்டப் பிரச்சினையாகவே எழுந்துள்ளது.

1961 இல் ககாரின் விண்ணிற் பறந்தபோதும், அதன்பின் நாற்பது ஆண்டுகளாகவும், மனிதரை விண்ணுக்கு அனுப்புவது அரசுகளின் பணியாகவே இருந்தது. 2001 இல் டெனிஸ் டிட்டோ என்ற அமெரிக்கச் செல்வந்தர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் ஏறினார். 2004 இல், தனியார் கட்டிய ‘ஸ்பேஸ்ஷிப் வன்’ என்னும் சிறு கலம் மனிதனைச் சுமந்து விண்ணின் எல்லையைத் தொட்டு மீண்டது. அதே ஆண்டு டிசம்பரில், இப்புதிய வாணிபத்துக்கென அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் போக்கு ஊன்றிக் கவனிக்கற்பாலது. ஏவுகலம் வெடித்தாற் கீழேயுள்ள பொதுமக்களுக்கு ஆபத்து நேராதவாறு காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. கலத்தினுள் இருப்போரின் பாதுகாப்புக்காக விதி செய்வதற்கோ, சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. ஓர் அமைப்போ இயக்கமுறையோ ஒருவரைக் கொன்ற பின்னர், அல்லது படுகாயப்படுத்திய பின்னர், அல்லது அத்தகைய பேராபத்தை அண்மித்த நிகழ்ச்சி ஒன்று நேர்ந்த பின்னர் மாத்திரமே அதனைத் தடைசெய்ய இடமுண்டு. எட்டு ஆண்டுகளுக்கென விதிக்கப்பட்ட இத்தடை பன்முறை நீட்டப்பட்டு, 2028 ஜனவரி 1 வரை செல்லுபடியாகும் நிலையில் உள்ளது. இதற்குக் ‘கற்கும் காலம்’ என்று பெயர். பயணஞ் செய்பவரும் ‘பயணி’ என அழைக்கப்படுவதில்லை, ‘பங்குபற்றுநர்’ எனப்படுகின்றார். கலம் பாதுகாப்பானது என அரசு சான்று வழங்கவில்லை என்பதையும், மரணம் நேரலாம் என்பதையும், அறியப்படாத ஆபத்துக்களும் உண்டு என்பதையும் கம்பனி அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் கையொப்பமிட வேண்டும். அத்துடன் நீதி நிறைவேறிவிட்டதாகக் கொள்ளப்படுகின்றது.

இவ்வேற்பாட்டை ஆதரிப்போர் கூறுவதை நாம் அலட்சியஞ் செய்தலாகாது. பறந்த கலங்கள் மிகச் சில. அவையும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. எது சிறந்த அமைப்பு என்று எவருக்கும் தெரியாத வேளையில் விதி வகுத்தால், இன்றைய அறியாமையே நாளைய சட்டமாக இறுகிவிடும் என்கின்றனர். வளர்ச்சியின் காலில் தளையிடலாகாது என்கின்றனர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. ‘டைட்டானிக்’ கப்பலில் இருந்த உயிர்காப்புப் படகுகள் அக்காலத்து விதிக்கு அமைவாகவே இருந்தன. எனினும், கப்பலிலிருந்தோரிற் பாதிப்பேருக்குச் சற்று அதிகமானோருக்கே அவற்றில் இடமிருந்தது. பழைய விதி புதிய கப்பலை அளக்க உதவவில்லை. விதி ஒன்று உண்டு என்பதனால் மட்டும் உயிர்கள் காக்கப்படுவதில்லை என்பது உண்மையே.

ஆனால், இவ்வாதம் முழுவதும் ஓர் ஊகத்தின் மேல் நிற்கின்றது. கையொப்பமிடுபவன் தான் எதற்கு இசைகின்றான் என்பதை அறிவான் என்பதே அவ்வூகம். அது எவ்வளவு பலவீனமானது என்பதை 2014 ஒக்டோபர் 31 அன்று கலிபோர்ணியாவின் மொகாவே பாலைநிலத்தின்மேல் நேர்ந்த விபத்துக் காட்டியது. ‘ஸ்பேஸ்ஷிப் டூ’ கலம் சோதனைப் பறப்பின்போது வானிற் சிதறியது. துணை விமானி மைக்கல் அல்ஸ்பரி உயிரிழந்தார். விமானி படுகாயத்துடன் தப்பினார். கலம் கீழிறங்கும்போது வேகத்தைத் தணிப்பதற்காக அதன் வாற்பகுதி மேனோக்கி மடியும். அப்பகுதியின் பூட்டை உரிய வேகத்தை அடையுமுன்னரே துணை விமானி திறந்துவிட்டார். காற்றின் விசை எஞ்சியதைச் செய்தது.

தவறு துணை விமானியுடையது என்று கூறி அத்தோடு முடித்திருக்கலாம். விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அவ்வாறு முடிக்கவில்லை. ஒரு மனிதனின் ஒரேயொரு தவறு முழுக் கலத்தையும் அழிக்கக்கூடும் என்பதைக் கலத்தைக் கட்டிய நிறுவனம் எண்ணிப் பார்க்கவில்லை, அதற்குக் காப்பும் செய்யவில்லை என்று அது 2015 இல் முடிவு கூறியது. பூட்டை முந்தித் திறப்பதன் ஆபத்தை விமானிகள் போதிய அளவு விளங்கிக்கொள்வதை நிறுவனம் உறுதிசெய்யவில்லை என்பதும் அம்முடிவில் அடங்கும். மனிதத் தவறுகளை ஆராய வேண்டும் என்ற விதியிலிருந்து அரசு நிர்வாகம் அக்கலத்துக்கு விலக்களித்திருந்தமையும் வெளிவந்தது.

இதன் பொருளை நாம் நன்கு உணர வேண்டும். கலத்தை ஓட்டப் பயிற்சி பெற்ற விமானிக்கே தன் கையிலுள்ள நெம்புகோலின் ஆபத்து முழுமையாக உணர்த்தப்படவில்லை. அவ்வாறாயின், சில நாட் பயிற்சியுடன் வந்து ஆசனத்தில் அமரும் பயணி எதற்கு இசைவு தெரிவிக்கின்றான்? கட்டியவனுக்கே தெரியாததைக் காகிதம் எவ்வாறு அறிவிக்கும்? மரணம் நேரலாம் என்று எழுதுவது இலகு. எதனால் நேரும், அதைத் தடுக்க யாது செய்யப்பட்டது என்பதே அறிய வேண்டியது. அதனைக் கண்டறிய, கம்பனியிடம் ஊதியம் பெறாத, கலத்தின் உள்ளே சென்று பார்க்கும் அதிகாரமுடைய கண்கள் வேண்டும். ஆழ்கடலிலும் இதையே கண்டோம். 2023 ஜூனில் ‘டைட்டன்’ நீர்மூழ்கிக் கலம் நொறுங்கி ஐவர் மாண்டனர். சுதந்திரமான தரச்சான்று எதுவும் பெறாத கலம் அது. துறை வல்லுநர்கள் 2018 இலேயே எச்சரித்திருந்தனர். உள்ளே சென்றோர் மரணத்தைப் பற்றிக் கூறும் பத்திரத்திற் கையொப்பமிட்டே சென்றனர்.

கையொப்பம் கொண்டு உயிரைக் கட்டுவது புதிய வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில், ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட மாலுமி, கப்பல் மூழ்கத்தக்கது என்று கண்டு ஏற மறுத்தாற் சிறைக்கு அனுப்பப்பட்டான். அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றப்பட்ட கப்பல் மூழ்கினாலும் காப்புறுதிப் பணம் முதலாளிக்குக் கிடைத்தது. சாமுவேல் பிளிம்சோல் பாராளுமன்றத்தில் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1876 இல் கப்பலின் பக்கத்திற் பாரக்கோடு இடுவது கட்டாயமாயிற்று. ஆயினும், அக்கோட்டை எந்த உயரத்தில் இடுவது என்பது 1890 வரை முதலாளியின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது!

இன்றைய விண்கலங்களின் நிலையும் அதுவே. 2014 இல் அமெரிக்க நிர்வாகம் பயணிகளின் பாதுகாப்புக்கான பரிந்துரைகளைத் தொகுத்து வெளியிட்டது. 2023 இல் அவற்றைத் திருத்தியது. அவை பயனுள்ளவை. ஆனால், அவற்றைப் பின்பற்றுவதும் விடுவதும் கம்பனியின் விருப்பம். கோடு உண்டு, அதை எங்கே இடுவது என்பதை முதலாளி தீர்மானிக்கின்றான்.

இவை செல்வந்தரின் உல்லாசம்; அவர்களின் உயிரைப்பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். உயிருக்கு வர்க்கம் பார்த்து இரங்குவது நம் நெறியன்று. அதுவுமன்றி, இவ்வாணிபத்தில் மாண்டோர் யாவர் என்று பார்ப்போம். 2007 ஜூலையில், இதே மொகாவேயில், இதே கலத்தின் இயந்திரத்துக்காக நைதரசு ஒட்சைட்டைப் பாய்ச்சிச் சோதித்தபோது வெடிவிபத்து நேர்ந்தது; மூன்று தொழிலாளர் மாண்டனர். 2014 இல் மாண்டவரும் கூலிக்கு உழைத்த விமானியே. டிக்கெட் வாங்கியவர் எவரும் அவ்விரு விபத்துக்களிலும் இல்லை. நாளை விண்ணில் நிலையங்களும் தொழிற்கூடங்களும் எழுமாயின், அங்கே செல்வோர் உல்லாசிகளல்லர், தொழில்நுட்பவியலாளரும் பணியாளருமே. செல்வந்தன் கையொப்பமிட மறுத்தால் வீட்டிலிருப்பான். தொழிலாளி மறுத்தால் வேலை இழப்பான். இருவரின் கையொப்பத்தையும் ஒரே பெயரால் ‘சம்மதம்’ என்றழைப்பது நீதியாகாது.

கலம் எவ்வடிவில் அமைய வேண்டும் என்று அரசு கட்டளையிட வேண்டியதில்லை. ஒரு தவறு உயிரைப் பறிக்காதவாறு காப்பு உண்டா, ஆபத்தில் வெளியேற வழியுண்டா என்று கேட்கலாம். ஒரு கம்பனி கண்ட குறையை மற்றவையும் அறியச் செய்யலாம். 2022 செப்டெம்பரில், ஆளில்லாமற் பறந்த ‘நியூ ஷெப்பேர்ட்’ ஏவுகலம் பழுதுற்றபோது, அதன் தலைப்பகுதி தானே பிரிந்து பத்திரமாகத் தரையிறங்கியது. ஆகவே, காப்பு இயலாததன்று. அதனை ஒரு கம்பனியின் நற்குணத்துக்கு விடாமல் யாவர்க்கும் பொதுவிதியாக்குவதே கேட்கப்படுவது.

கற்கும் காலம் வேண்டும் என்பதை நாமும் ஏற்கின்றோம். கற்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. பாடம் கற்பிக்க உயிர்களும் போய்விட்டன. கற்றதை விதியாக்காத கல்வி எவர் பொருட்டு? அடுத்த விபத்தின் பின் விசாரணைச் சபை எழுதப்போகும் வாக்கியங்கள் பல முன்னரே எழுதப்பட்டுவிட்டன. அவற்றை மரணத்துக்கு முன் சட்டமாக்குவதா, பின் சட்டமாக்குவதா என்பதே 2028 க்கு முன் அமெரிக்கச் சட்டசபை விடை கூற வேண்டிய கேள்வி. முன் என்பதே நமது விடை.