துளையை யாரிடம் சொல்வது?

சீடன்: ஐயா, டிசி ஜாக்கின் கால் பட்டையாக இருக்கிறது. 3 மி.மீ. அகலம், அரை மி.மீ. தடிமன். பிசிபியில் 3.25 மி.மீ. வட்டத் துளை போட்டாலே நுழைந்துவிடுமே, ஸ்லாட் என்ற நீள்துளை எதற்கு?

குரு: நுழையும். காலின் இரு பக்கமும் ஒன்றேகால் மி.மீ.க்கு மேல் காலியாகக் கிடக்கும். சால்டர் அதை நிரப்பாமல் கீழே வழியும். நாளெல்லாம் பிளக்கைச் செருகி உருவுகிற இடம் அப்பா அது, எத்தனை நாள் தாங்கும்?

சீடன்: சரி, 1 மி.மீ. அகலம், 3.5 மி.மீ. நீளம். சில்க்ஸ்கிரீனில் வரைந்து, பக்கத்தில் 'ஸ்லாட்' என்றும் எழுதிவிட்டேன்.

குரு: துளை போடும் மெஷின் சில்க்ஸ்கிரீனைப் படிக்காது. அதற்குத் தெரிந்தது ட்ரில் ஃபைல்தான். உன் ஓவியம் வெள்ளை மையில் அழகாக அச்சாகி வரும்.

சீடன்: துளை என்பதே இல்லாமைதானே? இல்லாததை எப்படி எழுதுவது?

குரு: வைசேஷிகர்கள் இல்லாமையையும் ஒரு பதார்த்தமாக வைத்தார்கள், அபாவம் என்று. எதன் இல்லாமை, எங்கே என்று கேட்காமல் அவர்கள் விடமாட்டார்கள். இங்கேயும் அதே கேள்விதான். எக்ஸெலான் வடிவ ட்ரில் ஃபைலில், ஸ்லாட் வெட்டும் ஜி85 கட்டளைக்கு ஒரு தொடக்கப் புள்ளி, ஒரு முடிவுப் புள்ளி. 1 மி.மீ. ட்ரில்லுக்கு அந்த இடைவெளி எவ்வளவு கொடுப்பாய்?

சீடன்: 3.5.

குரு: ஸ்லாட் 4.5 ஆகிவிடும். புள்ளிகள் ட்ரில்லின் மையங்கள். இரு முனையிலும் அரை அரை கூடும். 2.5 கொடு.

சீடன்: வரையும் மென்பொருளான கீகேடில் பேடின் துளையை ஓவலாக்கினால்?

குரு: அந்தக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். உனக்கு அதுதான் சரி.

சீடன்: முனைகள் சதுரமாக வருமா?

குரு: சுழலும் கட்டர் உள்மூலையைச் சதுரமாக வெட்டாது. உன் பட்டைக்கால் வட்ட முனைக்குள்ளேயே உட்காரும், விடு. பிளேட்டிங்கை யோசித்தாயா?

சீடன்: இல்லை. ஸ்லாட்டை போர்டின் ஓரக்கோடு உள்ள லேயரிலேயே வரையலாம் என்றிருந்தேன்.

குரு: வேலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான். சுவரில் செம்பு ஏற வேண்டிய ஸ்லாட்டை பிளேட்டிங்குக்கு முன்பே வெட்டியாக வேண்டும். ஓரக்கோட்டை வெட்டுவதோ கடைசியில். அதோடு உன் ஸ்லாட்டும் போனால் சுவர் மொட்டையாக நிற்கும்; செம்பு மேலும் கீழும் பேடில் மட்டும்தான்.

சீடன்: அப்படியானால் பாதுகாப்புக்கு ட்ரில் ஃபைல், ஓரக்கோட்டு லேயர் இரண்டிலும் போட்டுவிடட்டுமா?

குரு: ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவாய். தயாரிப்பவர் எது சரி என்று கேட்டால் ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான். கேட்காமலே ஒன்றைத் தேர்ந்துகொண்டால்தான் ஆபத்து. பிளேட்டிங் உள்ள துளைகளின் ட்ரில் ஃபைலில் ஒரே முறை சொல்.

சீடன்: சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

குரு: வரைந்த மென்பொருளை மூடிவிட்டு, அனுப்பப்போகும் ஃபைல்களை வேறொரு கெர்பர் வியூவரில் திறந்து பார். அங்கே ஸ்லாட் தெரியாவிட்டால் ஆர்டர் போடாதே.