வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டிய வரி

சர்வரில் இரண்டு எச்.பி.ஏ. அட்டைகள், நடுவில் இரண்டு ஃபைபர் சேனல் சுவிட்சுகள், ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர்கள். இப்படி அமைத்தால் ஒரே டிஸ்க்கை அடைய நான்கு பாதைகள் கிடைக்கின்றன. லினக்ஸ் கெர்னலின் ஸ்கஸி அடுக்குக்கு அவை எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ எனும் நான்கு டிஸ்க்குகள். நான்கும் ஒன்றே என்று கண்டு, ஒரே சாதனமாகக் கட்டித் தருவது டிவைஸ் மேப்பர் மல்டிபாத். அதற்கு ஆதாரம் ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாள எண். பெயர் மாறலாம், அந்த எண் மாறாது.

சர்வரிலிருந்து சுவிட்சுக்குச் செல்லும் ஒரு கேபிள் கழன்றால் இரண்டு பாதைகள் விழும். மற்ற இரண்டும் வேலையைத் தாங்கும். கேபிளை மீண்டும் செருகியதும் விழுந்தவை பெரும்பாலும் தாமே எழுந்துவிடும். எழாதபோது, அவை எந்த அடுக்கில் நிற்கின்றன என்பதே முதல் கேள்வி.

அதற்கான விடை மல்டிபாத் கட்டளை காட்டும் பட்டியலிலேயே இருக்கிறது. நலமாக உள்ள பாதையின் வரி ‘ஆக்டிவ், ரெடி, ரன்னிங்’ என்ற மூன்று சொற்களில் முடியும். ஆக்டிவ் என்பது டிவைஸ் மேப்பரின் கணிப்பு. ரெடி என்பது மல்டிபாத்-டி எனும் பின்னணிச் சேவை நடத்திய சோதனையின் முடிவு. ரன்னிங் என்பது ஸ்கஸி அடுக்கில் அந்த டிஸ்க்கின் நிலை. இடப்பக்கச் சொல் ஒவ்வொன்றும் தன் வலப்பக்கச் சொல்லை நம்பி நிற்பதால், பழுது தேடுபவர் இவ்வரியை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும்.

முதலில் ரன்னிங். இணைப்பு அறுந்ததும் இரண்டு காலக்கெடுக்கள் தொடங்குகின்றன. மல்டிபாத்தின் இயல்பு அமைப்பில் முதலாவது 5 வினாடி. அது முடிந்ததும், தேங்கிய கோரிக்கைகள் தோல்வியெனத் திருப்பப்பட்டு மாற்றுப் பாதையில் செல்கின்றன. இரண்டாவது ஃபைபர் சேனலுக்கு 600 வினாடி. அதுவும் கடந்தால் கெர்னல் அந்த டிஸ்க்கையே பட்டியலிலிருந்து நீக்கிவிடும். கெடுவுக்குள் கேபிள் திரும்பினால் பழைய பெயரே உயிர்பெறும். கடந்த பின் திரும்பினால் டிஸ்க் புதிதாகக் கண்டறியப்படும். எஸ்டிஎஃப் போன்ற வேறு பெயரும் அதற்கு அமையலாம். தானாகத் தோன்றாவிட்டால், சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த ஹோஸ்ட்டுக்குரிய ஸ்கேன் கோப்பில் இடைவெளி விட்டு மூன்று சிறுகோடுகளை எழுதித் தேடச் செய்யலாம். ‘ஆஃப்லைன்’ என்று நிற்பது வேறு நிலை. ஸ்கஸியின் பிழைமீட்பு முயற்சிகள் அனைத்தும் தோற்றபின் கெர்னல் இட்ட முத்திரை அது. கேபிளைச் செருகினாலும் அது அழியாது. டிஸ்க்கின் ஸ்டேட் கோப்பில் ‘ரன்னிங்’ என்று நிர்வாகி எழுதினால்தான் நீங்கும்.

அடுத்தது ரெடி. இயல்பு அமைப்பில் மல்டிபாத்-டி 5 வினாடிக்கு ஒருமுறை பாதைகளைச் சோதிக்கிறது. நலமான பாதைக்கு இந்த இடைவெளி 20 வினாடிவரை நீளும். பெரும்பாலும் ‘ஆயத்தமா’ என்று கேட்கும் சிறிய ஸ்கஸி கட்டளையே அச்சோதனை. பதில் சொல்வது அதே டிஸ்க்தானா என்பதை அந்தக் கேள்வி உறுதிசெய்வதில்லை. துண்டிப்பின்போது ஸ்டோரேஜ் பக்கம் எவரேனும் லன் ஒதுக்கீட்டை மாற்றியிருந்தால், பழைய பெயரில் வேறொரு டிஸ்க் பதில் சொல்லக்கூடும். அதை நம்பி எழுதினால் வேறொருவரின் தரவு அழியும். ஆகவே அடையாள எண்ணை ஒப்பிட்ட பிறகே பாதையைச் சேர்க்க வேண்டும். ஒதுக்கீட்டை மாற்றும் முன் சர்வரிலிருந்து பழைய பாதைகளை நீக்கிவிடுவது இன்னும் பாதுகாப்பானது.

மூன்றாவது ஆக்டிவ். சோதனையில் தேறிய பாதையை மல்டிபாத்-டி கெர்னலில் மீண்டும் சேர்க்கிறது. ஆனால் சேர்ந்த பாதை உடனே சுமை ஏற்கும் என்று கொள்ளக் கூடாது. பாதைகள் முன்னுரிமைப்படி குழுக்களாகப் பிரிந்திருந்தால், முன்னுரிமை மிக்க குழுவுக்குத் திரும்புவதைத் தீர்மானிப்பது ஃபெயில்பேக் அமைப்பு. அது ‘மேனுவல்’ என்றிருந்தால் நிர்வாகி சொல்லும்வரை மாற்றுக் குழுவே சுமக்கும். ‘இமீடியட்’ என்றிருந்தால் உடனே திரும்பும். ஆனால் தளர்ந்த கேபிள் விட்டுவிட்டு இணையுமானால் சுமை அங்குமிங்கும் தாவிக்கொண்டே இருக்கும். அத்தகைய இடத்தில் சில வினாடி காத்திருக்கச் சொல்லும் எண்ணைத் தருவது நல்லது.

நான்கு பாதைகளும் ஒருசேர வீழ்ந்தால் சிக்கல் மேலடுக்கையும் தொடும். காத்திருப்பு அமைப்பு ‘கியூ’ என்றிருந்தால் கோரிக்கைகள் வரம்பின்றித் தேங்கும். நிரல்கள் உறைந்து நிற்கும். 12 என்று இருந்தால், 5 வினாடி இடைவெளிக்குச் சுமார் 60 வினாடி பொறுத்தபின் பிழை மேலே போகும். அதைப் பெற்ற எக்ஸ்ட்4 தன் ஜர்னலை நிறுத்திவிட்டுப் படிப்பதற்கு மட்டும் என்ற நிலைக்கு மாறலாம். எக்ஸ்எஃப்எஸ் தன்னையே மூடிக்கொள்ளலாம். பிறகு பாதைகள் நான்கும் எழுந்தாலும் கோப்பமைப்பு தானே எழாது. அன்மவுண்ட் செய்து, எக்ஸ்ட்4 ஆயின் எஃப்எஸ்செக் ஓட்டி, மறுபடி மவுண்ட் செய்ய வேண்டும்.

இந்த அடுக்குகள் அனைத்தையும் பார்த்த பின்பே மீட்பு முடிந்ததா என்று கேட்க இயலும். டேட்டாபேஸ் ஓடுவது அதற்குச் சான்றாகாது. அது ஒரே பாதையிலும் குறையின்றி ஓடும். மல்டிபாத் அமைக்கப்பட்டது இன்றைய ஓட்டத்துக்காக மட்டுமன்று, அடுத்த துண்டிப்பைத் தாங்குவதற்காகவும். எனவே நான்கு வரிகளிலும் மூன்று சொற்களும் சரியாக நிற்பதைக் கண்ட பிறகே இரண்டாவது சுவிட்சின் பராமரிப்புக்கு நாள் குறிக்க வேண்டும்.